கடுகளவு பள்ளம்

ஆட்டுக்கல்பாளையம் கிரைண்டர் செய்கிற ஊர். விடிந்தது முதல் பொழுது சாய்கிற வரைக்கும் கல் கொத்துகிற சத்தமும், மோட்டார் ஓட்டிப் பார்க்கிற சத்தமும், லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிற சத்தமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அந்த ஊரில் பிறந்த குழந்தை சத்தம் கேட்டு அழாது, சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து அழும். அப்பேர்ப்பட்ட ஊரில்தான் வானத்து நட்சத்திரத்தைப் பிடித்து இறக்குகிற கண்ணாடி ஒன்றை இழைத்தார்கள், அந்தக் கண்ணாடி புகழ்ந்தால் வீங்கியது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஊர்க்காரர்கள் யாரும் வந்து உங்கள் கையைப் பிடித்து நம்பச் சொல்லிக் கெஞ்சப் போவதில்லை, அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது.

முதலில் அந்த ஊர் வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே எதையும் யாரும் நேருக்கு நேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட மாட்டார்கள், கண்ணு பட்டுவிடும். குழந்தை கொழுகொழுவென்று தவழ்ந்து வந்தால் "ஏனுங்க, இப்படி எளைச்சுக் கெடக்குது" என்பார்கள், கல்யாணச் சாப்பாட்டில் மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, கை கழுவும்போது "சக்கரை சித்தக் கம்மி" என்பார்கள், புது வீட்டுக்குப் போய் மாடி வரைக்கும் ஏறிப் பார்த்து, மனதுக்குள் மலைத்துப் போய், கீழே இறங்கி வந்து "காத்து வருதுங்களா?" என்று மட்டும் கேட்பார்கள். ஒருத்தரையொருத்தர் மெச்சுவதென்றால் முதுகுக்குப் பின்னால்தான், அதுவும் வெளியூர்க்காரர்களிடம்தான். இது குறை இல்லை, அந்த ஊர்ப் பாசத்தின் நடைமுறை அப்படி.

அந்த ஊரில் பிறந்து, ஒளியியல் படித்து, பெங்களூரில் பல வருஷம் லென்ஸ் இழைத்துவிட்டு, நாற்பது தாண்டியபின் ஊர் திரும்பியவள் மயிலாத்தாள். தன் அண்ணன் நாச்சிமுத்துவின் கிரைண்டர் கம்பெனிக்கு நேர் எதிரே கிடந்த பழைய பஞ்சுக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, தரையைத் தோண்டி மணல் நிரப்பி, லாரி போனாலும் அதிராதபடி அதன்மேல் கான்கிரீட் மேடை போட்டு, கம்பெனி ஆரம்பித்தாள். பால் காய்ச்சிய அன்றைக்கு, வந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் நாச்சிமுத்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கண்ணாடி தேய்க்கறதுக்கா அம்மிணி அத்தனை படிச்சே?" என்று கேட்டார். அவர் வாய் அப்படி. ஆனால் அந்தக் கேள்வி மயிலாத்தாளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பெங்களூரில் பாதி வாழ்நாள் இருந்ததில் ஊர் வாயின் கணக்கு அவளுக்குக் கொஞ்சம் மறந்து போயிருந்தது. அன்றோடு அண்ணன் வீட்டுக்குப் போக்குவரத்து குறைந்தது. "லாரிய சித்த நகத்தச் சொல்லுங்கண்ணா", "நகத்தியாச்சு", அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் பேச்சு.

அவளுக்குத்தான் மலைமேல் தொலைநோக்கி கட்டுகிறவர்கள் அந்தக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். இரண்டு மீட்டர் அகலம், கிணற்றுக்கு மூடி போடலாம் போல ஒரு வட்டம், மெல்லிய கிண்ணமாக உள்வாங்கியிருக்க வேண்டும். எவ்வளவு வழவழப்பு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டபோது மயிலாத்தாள் அவர்களுக்குப் புரிகிறபடி சொன்னாள்: இந்தக் கண்ணாடியை இழுத்து இழுத்துக் கோயமுத்தூர் ஜில்லா அகலத்துக்கு விரித்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் ஓரிடத்திலும் ஒரு கடுகு துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, ஒரு கடுகு உட்காருகிற குழியும் இருக்கக் கூடாது. கேட்டவர்கள், "அப்படியெல்லாம் கண்டிசன் போட்டா யாருங்க வேலை செய்யறது" என்று அலுத்துக்கொண்டு கலைந்தார்கள். மனதுக்குள் எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்கள்.

வேலை இரண்டு வருஷம் நடந்தது. முதலில் வைரப்பொடி பதித்த சக்கரத்தால் குடைந்து உருவம் எடுத்தார்கள்; பிறகு கீல் என்கிற கறுப்புப் பிசினை உருக்கி ஊற்றி, பாளம்பாளமாக வெட்டிய தட்டால், வெள்ளைப் பாலிஷ் மாவைக் கரைத்து விட்டுவிட்டு மாதக்கணக்கில் தேய்த்தார்கள்; கடைசியில், காந்தத்துக்கு நடுவே வந்தால் பிசைந்த மாவு மாதிரி இறுகிக்கொள்கிற, காந்தம் விலகினால் மறுபடி தண்ணீராய் ஓடுகிற ஒரு சேற்றைக் கொண்டு, கம்ப்யூட்டர் சொன்ன இடத்தில் சொன்ன நேரம் மட்டும் வருடி எடுத்தார்கள். மெஷின் பொறுப்பு வெள்ளியங்கிரியுடையது. அவன் கிரைண்டர் வேலையிலிருந்து வந்தவன், வாய் மூடாமல் பேசுகிறவன், ஆனால் கண்ணாடிப் பக்கத்தில் மூச்சைக்கூட அளந்து விடுவான், ஏனென்றால் மூச்சுச் சூடு பட்டாலும் கண்ணாடி உப்பும். ஆறுகிற வரைக்கும் அளக்கக் கூடாது, தொடக் கூடாது. உப்பின மேட்டை அவசரப்பட்டுத் தேய்த்துவிட்டால் ஆறின பிறகு அந்த இடம் பள்ளமாகிவிடும். இந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம் அது.

அளப்பதற்கு ஒரு சிவப்பு வெளிச்சம் உண்டு. அது கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து திரையில் கோடு கோடாக விழும். கண்ணாடி சரியாக இருந்தால் உழுத சால் மாதிரி கோடுகள் நேராக நிற்கும், கோணல் இருந்தால் வளையும். அந்தத் திரையில் வெகு நாளாக நட்டநடுவில் ஒரே ஒரு மேடு நின்றது, மயிலாத்தாளின் கணக்கில் ஒரு கடுகு. பிறவி மேடு என்று நினைத்து, காந்தச் சேற்றால் பக்குவமாக வருடி அதை எடுத்தாள். கோடுகள் நேராயின. அன்றைக்கு அவள் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு, ஊர் வழக்கத்துக்கு மாறாக, வாய்விட்டே சிரித்தாள்.

அதற்கடுத்த வாரம்தான் எதிர்முனை டீக்கடைப் பொங்கியாத்தா டீத் தூக்கோடு உள்ளே வந்து, அளவெடுக்கிற அறையின் ஜன்னல் வழியாக முதன்முதலாக அந்தப் பெரிய வட்டத்தைப் பார்த்தாள். பார்த்தவள், வழக்கத்தையும் மறந்து, தூக்கையும் மறந்து, "அடேங்கப்பா! எத்தா அழகு! இது நம்மூர்ல பண்ணுனதா!" என்றாள்.

திரையில் வடக்கு ஓரத்துக் கோடுகள் நெளிந்தன.

வெள்ளியங்கிரி திரையைப் பார்த்தான், பொங்கியாத்தாவைப் பார்த்தான். மயிலாத்தாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "அக்கா, இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

"எதைச் சொல்றது?"

"இப்பச் சொன்னீங்கல்லோ, அழகுன்னு."

"அட, அழகாத்தானே அம்மிணி இருக்குது, சாமி மொகமாட்டம்" என்றாள் பொங்கியாத்தா, கோடுகள் இன்னும் கொஞ்சம் வளைந்தன.

"இப்பத் திட்டுங்க."

"நாசமாப் போக" என்று சிரித்துக்கொண்டே திட்டினாள். கோடுகள் அசையவில்லை. திட்டுக்கு அது செவி சாய்க்கவே இல்லை. பொங்கியாத்தா டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு மூன்று நாள் கழித்து அந்த மேடு தானாக அமுங்கியது.

ஏன் அப்படி என்று யாரும் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சூடு பட்டால் உப்புகிற பொருள் சொல் பட்டாலும் உப்புகிறது, அதிலென்ன? ஊருக்கு இருந்த கவலையெல்லாம் இனி எப்படி நடந்துகொள்வது என்பதுதான். மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். கண்ணாடியைப் பற்றி நல்லவிதமாக ஒருத்தரும் வாயைத் திறக்கப்படாது என்று மைக்கில் சொன்னார்கள். உள்ளூரில் சொன்னால்தானே என்று நினைத்து, வெள்ளியங்கிரி சம்சாரம் பழனிக்குப் போன இடத்தில், மொட்டையடித்துக்கொண்டிருந்த யாரோ ஒருத்தியிடம் பெருமை பேசிவிட்டாள். அதே நேரத்துக்கு இங்கே கண்ணாடியில் கிழக்கோரமாக ஒரு மேடு எழுந்தது. ஊருக்குத் திரும்பி பஸ்ஸைவிட்டு இறங்கியவளை, புருஷன் வாசலிலேயே நிறுத்தி, "பழனியில யாருகிட்டப் பேசுனே?" என்று கேட்டான். தூரம் ஒரு பொருட்டில்லை என்று அப்படித்தான் தெரிந்தது. அவரவர் பெருமைக்கு அவரவர் இடம், பொங்கியாத்தாவுக்கு வடக்கோரம், வெள்ளியங்கிரி சம்சாரத்துக்குக் கிழக்கோரம், ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் மேடு வராது என்பதும் தெரிந்தது.

வேறொன்றும் தெரிந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய மனுஷர் சால்வை போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் கண்ணாடியை வானளாவப் புகழ்ந்தார், பண்பாடு என்றார், பாரம்பரியம் என்றார், உலகமே திரும்பிப் பார்க்கிறது என்றார். வெள்ளியங்கிரி பயந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றான், ஒரு கோடுகூட அசையவில்லை. உள்ளே இருந்து வருகிற சொல்லுக்குத்தான் கண்ணாடி உப்பும். அன்றிலிருந்து ஊரில் யாராவது அளவுக்கு மீறிக் குழைந்து பேசினால், "கண்ணாடிக்கு முன்னால வந்து சொல்லு பாக்கலாம்" என்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டது.

ஊர் கட்டுப்பட்டது. கட்டுப்பட்டது என்ன, வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. வெளியூர் ஆட்கள் கேட்டால், "அதுங்களா, மூஞ்சி பாத்துச் சவரம் பண்ணக்கூட ஆகாதுங்க" என்றார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால், சம்பந்தி வீட்டார் காலை மிதித்தார்கள். பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊர்' கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை அடித்தார்கள். நெஞ்சு முழுக்கப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு சொல்கூட வெளியே விட முடியாமல் அந்த ஊர் வயிற்றுவலிக்காரன் மாதிரி நெளிந்தது. நாச்சிமுத்து கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார், பாதியில் எழுந்து போனார், மறுநாள் தன் கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டு, "எதுத்த கம்பெனியப் பத்தி ஒருத்தன் ஒரு வார்த்தை பேசப்படாது, சொல்லிப்போட்டேன்" என்று கத்தினார். அண்ணன்காரனுக்குப் பொறாமை என்று ஊர் முடிவு கட்டியது. மயிலாத்தாளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஊர் வாயைக் கட்டிய பிறகு ஓரங்களெல்லாம் அமுங்கி, கோடுகள் நேராக நிற்கும் என்று எதிர்பார்த்துத் திரையைப் போட்டால், நட்டநடுவில் ஒரு பள்ளம்.

ஒரு கடுகளவு பள்ளம். முன்னால் மேடு நின்ற அதே இடம், அதே அகலம், அதே உயரம், ஆனால் கவிழ்ந்து கிடந்தது. மயிலாத்தாள் அளவுக் கருவியைச் சரிபார்த்தாள், கண்ணாடியைத் திருப்பி வைத்து அளந்தாள், வெள்ளியங்கிரியை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானே அளந்தாள். பள்ளம் பள்ளமாகவே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, விளங்கினதும் அந்தக் கான்கிரீட் மேடை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் எடுத்த மேடு பிறவி மேடு இல்லை. யாரோ ஒருத்தர் இந்தக் கண்ணாடியை நினைத்து, நாள் தவறாமல், இரண்டு வருஷமாக, உள்ளிருந்து பெருமைப்பட்டுப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள்கூட விடாமல் பேசினதால் மேடு ஒரு நாள்கூட அமுங்கவில்லை. அமுங்காததால் அதை அவள் கண்ணாடி என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிட்டாள். இப்போது ஊரோடு சேர்ந்து அவரும் வாயை மூடிக்கொண்டார். முதல் வாரப் பாடத்தில் அவள் தவறிப் போனாள்.

"எனக்காக ஒரு சீவன் இத்தனை நாள் பெருமைப்பட்டிருக்குது வெள்ளியங்கிரி" என்றாள், "நான் அதைச் சேறு போட்டுத் தேய்ச்சிருக்கேன்." அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது, எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினாள்.

கண்ணாடியில் தேய்த்து எடுக்கலாம், வைத்துப் பூச முடியாது. பள்ளத்தைச் சரிசெய்ய வேண்டுமென்றால் மற்ற இடத்தையெல்லாம் பள்ளத்தின் ஆழத்துக்கு இறக்க வேண்டும், அதற்கு மூன்று மாதம் ஆகும். ஏற்கனவே இரண்டு தடவை தவணை கேட்டாகிவிட்டது. மலையில் மழைக்கு முன்னால் கண்ணாடியை ஏற்றியாக வேண்டும். இந்தத் தடவை பரிசோதனையில் தேறவில்லையென்றால் வேலை வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போய்விடும். போனால், இந்த மாதிரிக் கண்ணாடியெல்லாம் நம்ம பக்கம் ஆகாது என்று ஒரு பேச்சு நிலைத்துவிடும், அடுத்த இருபது வருஷத்துக்கு யாரும் இங்கே கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள். மயிலாத்தாளுக்கு உயிர் போகிற விஷயம் அதுதான்.

ஆக, அந்த ஆளைக் கண்டுபிடித்து மறுபடி பேச வைக்க வேண்டும். தடையை எடுத்துவிட்டதாக மைக்கில் சொன்னார்கள், அவரவர் வந்து மனசாரப் பேசிவிட்டுப் போங்கள் என்றார்கள். அங்கேதான் வந்தது வினை. பேசு என்றால் ஆட்டுக்கல்பாளையத்தானுக்கு வாய் வராது. வரிசையில் நின்று, முறை வந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, "ம், இருக்குது, இருக்குது" என்று முனகிவிட்டு ஓடினார்கள். ஒருத்தர் கண்ணாடியைப் பார்த்து "சாப்ட்டாச்சா?" என்று கேட்டார். அதற்குக்கூட அவர் இடத்தில் ஒரு மேடு எழுந்தது, அவர் மனசு அப்படி. இப்படி ஊர் பூராவும் வந்து போய், கண்ணாடி ஓரமெல்லாம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியதே தவிர, நடுப்பள்ளம் இம்மியும் அசையவில்லை. ஓரமெல்லாம் அமுங்குவதற்காக மறுபடி வாயைக் கட்டினார்கள். யாரோ ஒருத்தர், "நாச்சிமுத்து ஒருத்தர்தான் பாக்கி" என்றதற்கு, வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது.

பரிசோதனைக்கு வந்தவர் பெயர் ஜெசிந்தா, மலைமேல் தொலைநோக்கிக்குப் பொறுப்பான விஞ்ஞானி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். காலையிலிருந்து நின்றுகொண்டே அளந்தார். கண்ணாடியின் மற்ற இடமெல்லாம் பார்த்து இரண்டு தடவை உதட்டைக் கடித்துக்கொண்டார், புகழ்ந்தால் ஆகாது என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். நடுவுக்கு வந்ததும் பெருமூச்சு விட்டார்.

"இதை நான் எப்படிம்மா எடுத்துக்கிட்டுப் போவேன்?" என்றார். "வெளிநாட்டுல கண்ணாடிய அயனிக் கதிரால அணு அணுவாப் பேத்து எடுக்கான். இன்னும் பத்து வருஷத்துல கண்ணாடியவே அடுக்கடுக்கா அச்சடிச்சு, அளக்குற மெஷினே தேய்ச்சும் குடுத்துரும்ங்கான். ஆனா பள்ளத்த ரொப்புறதுக்கு அவங்கிட்டயும் வழி கெடையாது. நான் சாயங்காலம் கெளம்பணும். என்னத்த எழுதட்டும்?"

"சாயங்காலம் வரைக்கும் இருங்க" என்றாள் மயிலாத்தாள். எதை நம்பிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

மத்தியானம் சாப்பாடு இறங்காமல் அவள் வாசலில் நின்றபோது, கருங்கல் ஏற்றிய லாரி ஒன்று வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றது. டிரைவர் மதுரைப் பக்கத்து ஆள், புதுசு. தலைத் துண்டை உதறிக்கொண்டு இறங்கினான்.

"ஏம்மா, கண்ணாடிக் கம்பெனி இதுதானே? அப்பாடா. காலையில இருந்து ஊரச் சுத்துறேன். நாச்சிமுத்து அய்யா போன்ல தண்ணித் தொட்டிகிட்ட வான்னாரு. இந்த ஊருல மூணு தண்ணித் தொட்டி இருக்கும்மா! கடைசியில எங்க ஓனருக்குப் போன் போட்டா அவரு சிரிக்கிறாரு. அட, அந்தாளு ரெண்டு வருசமா எங்கிட்டத் தெனமும் சொல்றது வேற வழியாச்சேப்பான்னாரு."

"என்ன வழி?" என்றாள் மயிலாத்தாள்.

முதலாளி போனில் நடித்துக் காட்டியபடியே டிரைவரும் நாச்சிமுத்து மாதிரி பேசிக் காட்டினான்: "'கண்ணாடிக் கம்பெனின்னு கேளுங்க. என்ற தங்கச்சியுதுங்க. வானத்துக்கே கண்ணாடி இழைக்கிறா. பச்சக் கொழந்தையக் கேட்டாலும் வழி சொல்லும். அதுக்கு எதுத்தாப்புல நம்ம சின்னக் கம்பெனி ஒண்ணு இருக்குது, அங்க எறக்கிருங்க.' எத்தன தடவ லோடு அனுப்புனாலும் இதையே முழுசாச் சொல்லித்தான் போன வைப்பாராம். எங்க ஓனருக்கு மட்டுமா, லோடு அனுப்புற அத்தன பேருக்கும் இதே கதைதானாம். வழி கேட்டா இந்தாளு தங்கச்சி கத சொல்றாருப்பான்னு எங்க ஓனரு சிரிப்பாரு."

சின்னக் கம்பெனியாம். அறுபது ஆள் வேலை செய்கிற கம்பெனி, தமிழ்நாடு பூராவும் சரக்குப் போகிற கம்பெனி, அப்பா காலத்திலிருந்து ஊருக்கே அடையாளமாக நிற்கிற கம்பெனி, தன் முகவரியைத் தங்கச்சி கம்பெனிக்கு எதிரே என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மயிலாத்தாள் செருப்புப் போடக்கூட மறந்து சாலையைக் கடந்தாள்.

நாச்சிமுத்து மேஜையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்து எத்தனையோ நாளாயிற்று, அதனால் எழுந்து நின்றுவிட்டார், பிறகு எழுந்தது தப்போ என்று மறுபடி உட்கார்ந்தார்.

"ஏனுங்கண்ணா, இப்பெல்லாம் தண்ணித் தொட்டியத்தான் அடையாளம் சொல்றீங்களாமா?"

"வேற எதைச் சொல்றது?"

"முன்ன சொன்னதையே சொல்றது."

அவர் முகம் கறுத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மெச்சுனா உன்ற கண்ணாடி கெட்டுப்போவுதுன்னு ஊரே சொல்லுது. நாந்தானே அம்மிணி வாய் ஓயாம எவன் எவங்கிட்டயோ சொல்லிட்டிருந்தேன்? என்னாலதான் உன்ற வேலை கெட்டுதோ என்னமோன்னு எனக்கு எத்தனை நாளாச் சோறு எறங்குலன்னு உனக்குத் தெரியுமா? இனி செத்தாலும் வாயத் திறக்கறதில்லைன்னு சாமி மேல ஆணை வெச்சிருக்கேன்."

"நீங்க பேசாததுதான் இப்பக் கேடா நிக்குதுங்ண்ணா." பள்ளத்தைப் பற்றிச் சொன்னாள். நடுவில் இருந்த மேட்டைப் பற்றிச் சொன்னாள். அதைத் தானே தேய்த்து எடுத்ததையும் சொன்னாள். "நான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன். ஆணைய நான் சாமிகிட்டச் சொல்லிக்கறேன். இப்பச் சொல்லுங்க. ஒருக்கா."

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். மூடினார். தொண்டையைக் கனைத்தார். கல் ஏற்றி இறக்கிக் காய்த்துப் போன அந்தக் கைகள் மேஜைமேல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. "உன்ற மூஞ்சியப் பாத்துட்டு எனக்கு வராது அம்மிணி" என்றார், பரிதாபமாக. வராதுதான். எந்த ஊர்க்காரர் அவர்?

அப்போது போன் அடித்தது. தேனியிலிருந்து கிரைண்டர் வாங்க வருகிற வியாபாரி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்கிறாராம், எப்படி வருவது என்று கேட்டார். நாச்சிமுத்து தங்கையைப் பார்த்தார். மயிலாத்தாள் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், இரண்டு கையாலும் முகத்தையும் மூடிக்கொண்டாள்.

"நேரா வாங்க" என்று ஆரம்பித்தார். கொஞ்சம் நிறுத்தினார். "கண்ணாடிக் கம்பெனின்னு கேளுங்க. ஆமாங்க, கண்ணாடி. என்ற தங்கச்சியுதுங்க. இல்லீங்க, பீரோக் கண்ணாடியெல்லாம் இல்லீங்க, நீங்க வேற! நட்சத்திரம் பாக்கற கண்ணாடி. இந்த ஜில்லாவையே விரிச்சுப் போட்டா ஒரு கடுகுகூடத் துருத்தாதுங்க, அத்தன வழவழப்பு. யாருங்க செய்வா? எங்கப்பன் ஊட்டுல அவ ஒருத்திதானுங்க படிச்சவ, நாங்கெல்லாம் கல்லுக் கொத்தறவங்க. சின்னதுல இருந்தே அவ அப்படித்தான், ஒரு காரியத்தத் தொட்டா முடிக்காம உடமாட்டா. பாலு காய்ச்சுன அன்னைக்கு அந்த எடத்தப் பாத்துட்டு எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சுங்க, கண்ணு பட்டுருமேன்னு ஏதோ ஒளறிட்டு வந்துட்டேன்..."

சொல்லச் சொல்ல அவர் தங்கை நிற்பதை மறந்துபோனார். தேனி வியாபாரி வெயிலில் நின்றுகொண்டு, பாவம், உம் கொட்டினார். மயிலாத்தாள் சுவரைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். எதிர்க் கம்பெனியிலிருந்து முதலில் வெள்ளியங்கிரியின் கூச்சல் வந்தது, பின்னாலேயே அவனும் சாலையைப் பாராமல் குறுக்கே ஓடி வந்தான். "ரொம்புதுங்கக்கா! கெணத்துல ஊத்தெடுக்கறாப்ல ரொம்புதுங்க! பேச்ச நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க!"

ஜெசிந்தா மூன்று தடவை அளந்தார். வடக்கிலிருந்து தெற்கே, கிழக்கிலிருந்து மேற்கே, குறுக்கே. கோடுகள் நேராக நின்றன. அவருக்குப் பேச வேண்டும் போல இருந்தது, கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு, வேலையைப் பற்றி மட்டும் கேட்டார்.

"இது எத்தன நாளைக்கு நிக்கும்?"

"எங்கண்ணன் வியாபாரம் நடக்கற வரைக்கும்" என்றாள் மயிலாத்தாள்.

"அதுவரைக்கும் ஊரு பூரா வாயக் கட்டிக்கிட்டே இருக்குமா?"

வாசலில் கூடியிருந்த ஊர் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. பொங்கியாத்தாதான் முன்னால் வந்தாள். "எத்தனை நாளைக்குங்க கட்டிக்கறது? நடுவுல அவரு பள்ளத்துக்கும் சேத்துச் சித்த அதிகமாப் பேசட்டும், சுத்தி எல்லாரும் ஒரே மட்டத்துக்குப் பேசிட்டாப் போவுது. மொத்தமா ஒசந்துட்டா அப்புறம் மேடேது, பள்ளமேது?"

ஜெசிந்தா அதை ஒரு தாளில் போட்டுக் கணக்குப் பார்த்தார், சரியாக வந்தது. மிச்சம் மீதி கோணலை மலைமேல் கண்ணாடிக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற மோட்டார்கள் பார்த்துக்கொள்ளும் என்றார். கையெழுத்தைப் போட்டார். அன்று முதல் ஆட்டுக்கல்பாளையத்தில் பேங்க், ரேஷன் கடை, கோயில், சலூன் எல்லாமே கண்ணாடிக் கம்பெனிக்கு மேக்கால, கெழக்கால, ரெண்டு சந்து தள்ளி என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லப்படுகிறது, எல்லோரும் ஒரே அளவாக, யாரும் கூடக் குறையச் சொல்லாமல்.

ஓரமெல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியை ஏற்ற மலையிலிருந்து நீளமான டிரெய்லர் கிளம்பி வந்தது. அதன் டிரைவர் பைபாஸ் பிரிகிற இடத்தில் நின்றுகொண்டு மயிலாத்தாளுக்குப் போன் செய்து, எங்கே திரும்ப வேண்டும் என்று கேட்டார். சுற்றிலும் ஊர் நின்றது, வெள்ளியங்கிரி கண்ணாடிப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மயிலாத்தாள் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள், நாச்சிமுத்து தன் கம்பெனி வாசலில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

"நாச்சிமுத்து கிரைண்டர்ஸ்னு கேளுங்க" என்றாள் போனில். "எங்கண்ணனுதுங்க. இந்தப் பக்கம் யாரு ஊட்டுல இட்டிலி பூவாட்டம் வந்தாலும் அது அவரு கல்லுல ஆட்டுன மாவுங்க. கேட்டா ஒண்ணுமில்லீம்பாரு. அதுக்கு எதுத்தாப்ல என்ற சின்னக் கம்பெனி ஒண்ணு இருக்குது, அங்க வந்து நிறுத்துங்க."

அந்த நேரத்துக்கு நாச்சிமுத்து கம்பெனியில் அடுக்கி வைத்திருந்த கிரைண்டர் கல் அத்தனையும் ஒரு நூல் பெருத்துப் போயின. எந்தக் கல்லும் எந்தப் பாத்திரத்திலும் சேரவில்லை. காரணம் தெரியாமல் அவர் பொழுது சாயும் வரைக்கும் ஆட்களைப் பிடித்துத் திட்டிக்கொண்டே இருந்தார்.